கோளாறைக் கண்டுபிடிப்பது யார்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எதைப் பற்றிப் பேசப்போறீங்க என்று கேட்ட தோழரிடம், 'டிவியில பழைய காரை வாங்கி ரிப்பேர் பண்ற நிகழ்ச்சி வருதே, அதப் பத்தி' என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். 'கவிதை எழுதுறத விட்டுட்டு ஷெட்டு வைக்கப் போறீங்களா தோழர்?' என்றார். அவர் சிரித்ததில் தப்பில்லை. எனக்குக் கார் கிடையாது. இந்த அறையில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கும் கிடையாது. பிறகு இதில் நமக்கு என்ன வேலை?

ஒரு பொருள் கெட்டுப்போய்க் கிடக்கிறது. இதனால்தான் கெட்டது என்று ஒருவர் சொல்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறோம். 'அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?' என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைக் காரை வைத்துக் கேட்டுப் பழகினால் வேறு இடங்களில் கேட்கவும் வாய் வரும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் அதிகம் பார்த்தது 'வீலர் டீலர்ஸ்'. இங்கிலாந்தில் 2003இல் டிஸ்கவரிக்காகத் தொடங்கிய நிகழ்ச்சி. மைக் ப்ரூவர் என்பவர் கார் வியாபாரி. எட் சைனா என்பவர் மெக்கானிக். நெட்டையான ஆள், ஆரஞ்சு நிறக் கையுறை போட்டிருப்பார். ப்ரூவர் பேரம் பேசிப் பழைய காரை வாங்கி வருவார், சைனா ஷெட்டில் வைத்துச் சரி செய்வார், ப்ரூவர் கொண்டுபோய் விற்பார். இதே அச்சில் எத்தனையோ நிகழ்ச்சிகள் உண்டு. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஷெட் ஒன்றை வைத்து 2012இல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் லவுட்', எம்டிவியில் 2004 முதல் 2007 வரை ஓடிய 'பிம்ப் மை ரைட்' எல்லாம் இந்த வகைதான். கதை ஒன்றே. செத்த வண்டி உயிர் பெறும், கடைசியில் பளபளவென்று வெளியே வரும், பார்க்கிறவர்கள் கண் கலங்குவார்கள்.

இதில் கோளாறைக் கண்டுபிடிக்கிற கட்டம் எவ்வளவு நேரம் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். மெக்கானிக் பானெட்டைத் திறக்கிறார். எஞ்சின் கொஞ்சம் இருமுகிறது. காதைச் சாய்த்துக் கேட்கிறார். 'ஆ, இது ஹெட் கேஸ்கெட்.' அடுத்த காட்சியில் ஹெட் கழன்று மேசை மேல் கிடக்கிறது. அதற்கடுத்த காட்சியில் புதுச் சாமான் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. பாட்டுப் போடுகிறார்கள், வண்டி ஓடுகிறது. அவர் சொன்னது சரி என்று நமக்கு நிரூபணமும் ஆகிவிட்டது.

ஆனால் எது நிரூபணமானது? பத்துச் சாமானை மாற்றினார்கள், வண்டி ஓடியது. அந்தப் பத்தில் எதனால் ஓடியது? ஹெட் கேஸ்கெட்டாலா, அதோடு சேர்த்து மாற்றிய பிளக்காலா, அல்லது கழற்றும்போது கையோடு சுத்தம் செய்து இறுக்கிய ஒரு எர்த் வயராலா? நிகழ்ச்சி இதைச் சொல்வதில்லை. கேட்கிறதுக்கு நமக்கு நேரமும் தருவதில்லை.

கோளாறைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன? மாணவர்கள் இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒரு பெட்ரோல் எஞ்சின் இழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் மீட்டரைப் பொருத்தி, செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பொதுவாக நல்ல எஞ்சினில் 120 முதல் 180 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணைவிட முக்கியம், நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இடைவெளியை ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்று பொருள். ஏறவில்லையென்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பாருங்கள், இதில் இன்னும் ஒரு சாமான்கூட வாங்கவில்லை. ஒரு மீட்டர், ஒரு ஸ்பூன் ஆயில், அரை மணி நேரம். 'இதுவாக இருந்தால் இப்படி ஆக வேண்டும், ஆகவில்லையென்றால் அது இல்லை' என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகிற முறை இது. இதற்குப் பெயர்தான் அறிவு. வெள்ளைக் கோட்டு போட்டுச் செய்தால் விஞ்ஞானம் என்கிறோம், காக்கி டவுசர் போட்டுச் செய்தால் 'கை வேலை' என்கிறோம்.

டிவியில் வெட்டப்படுவது இந்த அரை மணி நேரம்தான். அதிலும் தப்பாகப் போன ஊகங்கள் முழுசாக வெட்டப்படுகின்றன. காலையில் ஓடி மதியம் நிற்கிற வண்டி, ஷெட்டுக்கு வந்தால் ஒழுங்காக ஓடி வீட்டுக்குப் போனதும் மக்கர் பண்ணுகிற வண்டி, இதெல்லாம் அங்கே வருவதே இல்லை. நிஜ மெக்கானிக்கின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வண்டிகள்தான். விடை தெரிந்த பிறகு கேள்வியைப் படம் பிடித்தால் எல்லோருமே ஞானியாகத்தான் தெரிவோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எட் சைனா மற்றவர்களைவிட மேல். எதைக் கழற்றுகிறோம், ஏன் கழற்றுகிறோம் என்று பொறுமையாகச் சொல்வார். அவரிடமிருந்து நானே கற்றுக்கொண்டது உண்டு. அதனால்தான் 2017இல் நடந்தது கவனிக்க வேண்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் அவர் நிகழ்ச்சியை விட்டு விலகினார். காரணத்தை அவரே வீடியோவில் சொன்னார்: ஷெட்டுக்குள் நடக்கும் வேலையை விவரமாகக் காட்டுகிற பகுதியைக் குறைக்க வேண்டும் என்று சேனல் தரப்பு நினைத்தது, அந்தப் பகுதிதான் படமெடுக்கக் கஷ்டமானது என்றும் கருதியது, தனக்கு அது ஒப்பவில்லை. நிகழ்ச்சி வேறு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு தொடர்ந்தது. வாங்கி விற்கிறவர் அப்படியே இருந்தார்.

இன்னொன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் கணக்குப் போடுவார்கள். கார் வாங்கிய விலை இவ்வளவு, சாமான் செலவு இவ்வளவு, விற்றது இவ்வளவு, லாபம் இவ்வளவு. வெளியே கொடுத்துச் செய்த பெயின்ட் வேலைக்கும் கணக்கு உண்டு. ஷெட்டுக்குள்ளே நாள் கணக்கில் குனிந்து நின்று வேலை செய்தாரே, அந்த உழைப்புக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது. அவருக்கு டிவிக்காரர்கள் சம்பளம் கொடுத்திருப்பார்கள், அது வேறு. திரையில் நமக்குக் காட்டப்படுகிற கணக்கைச் சொல்கிறேன். அதில் கையின் உழைப்பு பூஜ்யம், வாயின் உழைப்பு லாபம். தினமும் வங்கியில் வரவு செலவு பார்க்கிறவன் நான். ஒரு செலவை எழுதாமல் விட்டால் அந்த லாபம் லாபமே இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக எழுதாமல் விட்ட செலவு யாருடையது என்று உங்களுக்கும் தெரியும்.

இப்போது என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாவது வரை படித்தவர். எங்கள் ஊருக்குப் பக்கத்து டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஷெட்டில் 22 வருஷம் வேலை பார்த்தார். கடைசி வரை அவருக்குப் பட்டம் 'ஹெல்ப்பர்'. போர்டில் முதலாளி பெயர். நான் பள்ளிக்கூட லீவில் போய் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவேன்.

மாமா நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரிதான். கேட்டதும் சொல்லிவிட மாட்டார். 'அப்படி இருக்கலாம்' என்பார். பிறகு சோதித்துப் பார்ப்பார்.

ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் வந்தது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும். 'சூடாகி காயில் மக்கர் பண்ணுது' என்றார் மாமா. வேறொரு வண்டியிலிருந்து காயிலைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். மறுபடியும் நின்றது. எனக்கு முன்னாலேயே, 'நான் நெனச்சது தப்பு மாப்ள' என்றார். காயிலைக் கழற்றி, பழையதையே திரும்ப மாட்டினார். எனக்குப் புரியவில்லை.

'புதுசையே விட்டுட வேண்டியதுதான மாமா?'

'அது கெடலன்னு தெரிஞ்சு போச்சுல்ல. அப்புறம் எதுக்கு மாத்தறது? ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். நாலத் தொட்டா எது எதுன்னு தெரியாமப் போயிரும்.'

பிறகு அவரே அந்த வண்டியில் ஏறிப் போனார். வண்டி நின்றதும் ஸ்டார்ட் பண்ணவில்லை, இறங்கிப் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. உடனே ஸ்டார்ட் பண்ணினார், ஓடியது. மூடியில் ஒரு சின்னக் காற்று ஓட்டை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பம்பு இழுக்கும். புதுசாகப் பெயின்ட் அடித்தபோது அந்த ஓட்டை அடைந்திருக்கிறது. ஒரு ஊசியால் குத்திவிட்டார். செலவு ஒரு பைசா இல்லை.

சாயந்திரம் வண்டிக்காரர் வந்தார். முதலாளி சொன்னார்: 'நான் பாத்ததும் சொன்னேன் சார், இது பம்பு வேலைன்னு. முழுசாப் பாத்தாச்சு.' பம்பு வேலைக்கான கூலியை வாங்கிக்கொண்டார். மாமா பத்தடி தள்ளி பனியன் வேஸ்ட்டில் கை துடைத்துக்கொண்டு நின்றார். வண்டிக்காரரிடம் அவர் பேசக் கூடாது. அது அந்த ஷெட்டின் எழுதாத சட்டம். டிவியில் வியாபாரி காமிராவைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்தடி ஞாபகம் வருகிறது.

அந்த ஷெட்டில் ஒரு சாக்கு இருந்தது. மாமா வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகும்போது, சீட்டில் அந்தச் சாக்கை விரித்து அதன் மேல்தான் உட்கார வேண்டும். கேட்டால், 'உடம்பெல்லாம் கிரீஸ், சீட்டு கெட்டுப்போகும்' என்பார் முதலாளி. நியாயமான காரணம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு கோடையில் முதலாளியின் அக்கா மகன் வேலை பழக வந்தான். மாமாவைவிட அதிகமாகக் கிரீஸ் அப்பிக்கொள்வான். அவன் ஓட்டிப் பார்க்கிறபோது சாக்கைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டுத்தான் உட்காருவான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா ஒருநாள் பிளக்கை முறுக்கிக்கொண்டே சொன்னார்: 'பாத்தியா மாப்ள, வண்டி மாறல, சீட்டு மாறல, கிரீஸும் மாறல. ஆள் மட்டும்தான் மாறுனான். சாக்கு போயிருச்சு. அப்ப கம்ப்ளைன்ட் எதுல?'

சாதி பற்றி நான் படித்த முதல் பாடம் அது. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில், சாதி உழைப்பைப் பிரிப்பது மட்டுமல்ல, உழைப்பாளிகளையே பிரிப்பது என்று விளக்கியிருப்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் படித்தேன். படித்தபோது கண் முன்னால் வந்தது அந்தச் சாக்கு.

தோழர்களே, நம்மைப் பற்றி இந்தச் சமூகம் சொல்கிற காரணங்கள் எல்லாம் டிவி மெக்கானிக் சொல்கிற காரணங்கள் மாதிரிதான். பானெட்டைத் திறந்ததும் தீர்ப்பு. சேரிப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் நின்றான்? 'படிப்புல ஆர்வமில்ல.' கடன் ஏன் கட்டவில்லை? 'குடி.' எப்படித் தெரியும்? எதை மாற்றிப் பார்த்தீர்கள்? அதே பையனை வேறு வகுப்பறையில், முன் வரிசையில், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு ஆசிரியரிடம் உட்கார வைத்துப் பார்த்தீர்களா? சோதனையே கிடையாது, முடிவு மட்டும் உண்டு.

'இப்பதான் எல்லாத்துக்கும் மிஷின் வந்துருச்சே' என்று சொல்வீர்கள். அமெரிக்காவில் 1996லிருந்து விற்கிற எல்லாக் கார்களிலும், ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண் சொல்கிற ஏற்பாடு கட்டாயம். இங்கேயும் புது வண்டிகளில் அது இருக்கிறது. பி0420 என்று ஒரு எண் வரும். புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள். உடனே விலை கூடிய கன்வெர்ட்டரையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. புகைக்குழாயில் ஒரு கீறல் இருந்தாலும், சென்சார் பழுதானாலும் இதே எண் வரலாம். அந்த எண் எங்கே வலிக்கிறது என்று சொல்லும். ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. வங்கியில் கடன் கேட்டு வருகிறவருக்கும் 300லிருந்து 900க்குள் ஒரு மதிப்பெண் வருகிறது. என் மேசையில் அந்த எண் மட்டும்தான் வந்து சேர்கிறது. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற மழையும் ஆஸ்பத்திரியும் கூலி வராத மாதங்களும் வந்து சேர்வதில்லை.

கார் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம். ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் தைச்சி ஓனோ, 1978இல் வெளிவந்த தன் புத்தகத்தில் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கச் சொல்கிறார். மிஷின் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போனது. ஏன் சுமை கூடியது? பேரிங்குக்கு ஆயில் போதவில்லை. ஏன்? ஆயில் பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் 'ஏன்' உடன் நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். மறுபடி நின்றிருக்கும்.

இப்போது நம் பத்திரிகைகளைத் திறங்கள். 'விஷவாயு தாக்கித் துப்புரவுத் தொழிலாளர் பலி.' நான் எத்தனை தடவை இந்தத் தலைப்பைப் படித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கொலைகாரன் வாயு. ஃபியூஸ் போனது, அவ்வளவுதான், கதை முடிந்தது. அடுத்த 'ஏன்' கேட்டுப் பார்ப்போமா? ஏன் அவர் உள்ளே இறங்கினார்? இறங்கச் சொன்னார்கள். மிஷின் இருக்கும்போது ஏன் ஆளை இறக்கினார்கள்? ஆள் மலிவு. அந்த ஆள் ஏன் மலிவு? அவர் செத்தால் யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? இறங்குகிறவர் எப்போதும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பாருங்கள். ஆளை மாற்றிப் பாருங்கள், கிரீஸும் சாக்கும் கதைதான்.

சட்டம் இல்லையா? 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தக் குடும்பங்களுக்கு அந்தப் பணம் தேவை, போராடி வாங்கித் தர வேண்டும். அதோடு ஒன்றையும் மறக்கக் கூடாது: பணம் ஃபியூஸுக்கான விலை. வடிகட்டி இன்னும் மாட்டப்படவில்லை.

ஐந்து தடவை கேட்பதும் மந்திரம் கிடையாது. எந்த 'ஏன்' உடன் நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. மேல் அதிகாரி தனக்கு முந்தின படியிலேயே நிறுத்திவிடுவார். ஒப்பந்தக்காரர் செத்தவர் மேலேயே நிறுத்துவார், 'குடிச்சிட்டு இறங்கிட்டான்' என்பார். அதனால் கேட்கிற இடத்தில் நம் ஆள் இருக்க வேண்டும். பத்தடி தள்ளிக் கை துடைத்துக்கொண்டு நின்றால் போதாது.

நம்மிடையேயும் ஒரு எச்சரிக்கை வேண்டும். கையால் வேலை செய்கிறவர் சொன்னாலே அது சரி என்று நான் சொல்லவில்லை. மாமாவும் தப்பாகச் சொன்னார். அவருக்கும் முதலாளிக்கும் வித்தியாசம், தப்பென்று தெரிந்ததும் சொன்னார், பழைய காயிலைத் திரும்ப மாட்டினார். நம் இயக்கக் கூட்டங்களில் அப்படி எத்தனை பேர் சொல்கிறோம்? தோல்வி வந்ததும் 'துரோகம்' என்று பானெட்டைத் திறந்தவுடனே சொல்லிவிடுகிறோம். சில நேரம் துரோகமாகவே இருக்கலாம். சில நேரம் மூடியில் ஒரு ஓட்டை அடைந்திருக்கலாம். பார்க்காமல் எப்படித் தெரியும்?

அதனால் மாணவ நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். டிவி பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் யார் வந்து எந்தக் கோளாறுக்கு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்? எதை இல்லையென்று கழித்தீர்கள்? கண்டுபிடித்தது உண்மையில் யார்?

மாமா இப்போது வேலைக்குப் போவதில்லை. கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. போன மாதம் அவரோடு உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒரே நொடியில் காரணத்தைச் சொன்னார். மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

'இவருக்கு எடுத்துக் குடுத்த பையன் எங்கடா?'

அந்தப் பையன்களை இந்தப் பக்கம் உட்கார வைக்கத்தான் நாம் இங்கே கூடியிருக்கிறோம். ஜெய்பீம்.